கண்ணைப் பார்த்துப் பேசுவது: கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி கேட்டவர் கோத்தகிரிக்காரர், வயது 28. கல்யாணத்துக்கு முடிவு சொல்வதற்கு முன் ஆறு மாதம் பழகிப் பார்க்கிறோம் என்று கேட்டு, இரண்டு குடும்பமும் ஒத்துக்கொண்டிருக்கிறது. பெண் கொடைக்கானலில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாதம் ஒருமுறை நேரில் சந்திக்கிறார்கள், மற்ற நாட்களில் வீடியோ கால். மூன்றாவது சந்திப்பில் அந்தப் பெண், "நீங்க பேசும்போது என்னைப் பாக்கவே மாட்டேங்கறீங்க, பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டார். தம்பி பயந்துபோய் யூடியூபில் தேடியிருக்கிறார். ஏழு விநாடி கண்ணை எடுக்காமல் பார், இடது கண், வலது கண், உதடு என்று முக்கோணம் போட்டுப் பார் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான்காவது சந்திப்பில் அப்படியே செய்தார். "என்ன, முறைக்கிறீங்க?" என்றாராம் அந்தப் பெண். தம்பி கேட்பது இதுதான்: காதலிலும் தாம்பத்தியத்திலும் கண்ணைப் பார்ப்பது உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா, பழகிக்கொள்ள முடியுமா, எத்தனை விநாடி பார்த்தால் சரி?

தம்பி, முக்கியம்தான். பழகிக்கொள்ளவும் முடியும். விநாடிக் கணக்கைத்தான் முதலில் தூக்கிப் போட வேண்டும். ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். குன்னூரில் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப ஆலோசகராக உட்கார்ந்திருக்கிறேன், இந்தப் புகாரைக் கேட்காத மாதம் கிடையாது. கண்ணையும் காதலையும் பற்றி நம் பழைய பாட்டுகளில் இருப்பதை எடுத்து வைக்கப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும், கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம்.

1989இல் அமெரிக்காவில் கெல்லர்மன், லூயிஸ், லேர்ட் என்ற மூன்று பேர் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் எதிரெதிரே இரண்டு நிமிடம் உட்கார வைத்தார்கள். இப்படிப் பல ஜோடிகள். சில ஜோடிகளிடம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கச் சொன்னார்கள். சிலரிடம் எதிராளியின் கையைப் பார்க்கச் சொன்னார்கள். சில ஜோடிகளில் ஒருவர் கண்ணைப் பார்க்க, மற்றவர் கையைப் பார்த்தார். இன்னொரு வகையும் இருந்தது: எதிரே இருப்பவர் எத்தனை முறை கண் சிமிட்டுகிறார் என்று எண்ணச் சொன்னார்கள். முடிந்ததும் எல்லாரிடமும் எதிராளி மேல் எவ்வளவு பிரியம் தோன்றியது என்று கேட்டார்கள். ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்தவர்கள் சொன்னதுதான் மற்ற எல்லாரையும் விட அதிகம்.

சிமிட்டலை எண்ணியவர்களை மறுபடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவர்களும் எதிராளியின் கண்ணைத்தான் பார்த்தார்கள். நேரமும் அதே இரண்டு நிமிடம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. ஆனால் அவர்கள் பார்த்தது இமையை. எதிரே இருந்த ஆளை இல்லை. நீங்கள் நான்காவது சந்திப்பில் செய்தது கிட்டத்தட்ட இதுவேதான். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் டீச்சர் வேறு. பாடம் கவனிக்கிற முகத்துக்கும் கவனிப்பது போல உட்கார்ந்திருக்கிற முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமலா இருக்கும்?

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது, இதை யூடியூபில் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணோடு கண் பார்த்ததால் காதல் உணர்வு கூடியது எல்லாருக்கும் இல்லை. தன் உடம்பு செய்வதை வைத்துத் தன் மனசைப் புரிந்துகொள்கிற வகை ஆட்களிடம்தான் அது கூடியது. அதாவது 'இவ்வளவு நேரம் இவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, அப்படியானால் பிடித்திருக்கிறது போல' என்று போகிற ஆட்கள். மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் வெறும் இரண்டு நிமிடமாகவே போய்விட்டது. ஆக, கண்ணைப் பார்த்தால் யாரையும் மயக்கிவிடலாம் என்று விற்கிறவர்களிடம் காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஆர்தர் அரோன் என்ற உளவியலாளர் 1997இல் வெளியிட்ட 36 கேள்விகளும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். முன்பின் தெரியாத இருவர் முக்கால் மணி நேரம் அந்தக் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டால் நெருக்கம் வரும் என்பது ஆய்வு. அதன் கடைசியில் நான்கு நிமிடம் பேசாமல் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாலைச் சேர்த்துத்தான் இணையத்தில் அது சுற்றுகிறது. வால்தான் இப்போது தலையைவிடப் பிரபலம். என் அனுபவத்தில் வேலை செய்வது தலைதான், கேட்பதும் சொல்வதும்.

அப்படியானால் எத்தனை விநாடி என்று நீங்கள் விடமாட்டீர்கள். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த ஏறக்குறைய 500 பேரிடம், ஒருவர் நேராகப் பார்க்கிற வீடியோத் துண்டுகளைக் காட்டி, இது அதிகமா குறைவா என்று கேட்டார்கள். பலருக்கும் சங்கடமில்லாமல் இருந்த நேரம் சராசரியாக 3.3 விநாடி. உங்கள் ஏழு அதற்கு இரண்டு மடங்கு. ஆனால் அது திரையில் தெரிந்த அந்நியர் முகம், நீங்கள் பார்ப்பது கட்டிக்கொள்ளப் போகிறவரை. அதனால் 3.3ஐயும் எண்ண ஆரம்பித்துவிடாதீர்கள்.

எண்ணுவதை விட்டுவிட்டு எப்போது பார்ப்பது என்பதைக் கவனியுங்கள். மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பார்த்தாலே தெரியும்: கேட்கிறவர் அதிகம் பார்க்கிறார், பேசுகிறவர் குறைவாகப் பார்க்கிறார். பேசுகிறவர் யோசிக்க வேண்டும். யோசிக்கும்போது எதிரே இருக்கிற முகம் இடைஞ்சல், அதனால் கண் தானாக மேலேயோ பக்கத்திலோ போகும். வாக்கியத்தை முடிக்கிற நேரத்தில் திரும்பி வந்து, 'புரிந்ததா, இப்போது நீ சொல்' என்பது போல ஒரு பார்வை. சின்னப் பிள்ளையிடம் பதினேழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், முதலில் உத்தரத்தைப் பார்க்கும். பொய் சொல்கிறவன்தான் கண்ணைத் திருப்புவான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. சரியில்லை. திட்டமிட்டுப் பொய் சொல்கிறவன் பல நேரம் கண்ணை எடுக்காமல்தான் சொல்கிறான்.

ஆகவே நீங்கள் பேசும்போது அவரைப் பார்க்காதது பெரிய குற்றமில்லை. அவர் பேசும்போது எங்கே பார்க்கிறீர்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லை. அவர் தன் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லும்போது நீங்கள் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டு கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தால், 'பேசும்போது பார்க்கவில்லை' என்று அவர் சொன்னது தன் பேச்சைப் பற்றித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இந்தப் புகாரின் உண்மையான பொருள் அதுதான்.

இங்கே என் அப்பா அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் போட்ட பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு. அவர்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக் கேட்பார், அப்பா வாசலைப் பார்த்துப் பதில் சொல்வார். கல்லூரியில் உளவியல் படிக்கும்போது, பாவம் இவர்களுக்குள் நெருக்கமே இல்லை என்று நான் முடிவுகூடக் கட்டிவிட்டேன். படித்த திமிர்.

பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. சாயங்காலம் கொழுந்து எடை போடுகிற இடத்தில் அப்பாவுக்குச் சாக்கைத் தூக்கி வைக்கிற வேலை. பெண்கள் வரிசையாகத் தலைச்சுமையோடு வருவார்கள். அம்மாவின் முறை வரும்போது, சுமையை இறக்கி அவர் நிமிர்கிற அந்தக் கணத்தில் அப்பா ஒரு பார்வை பார்ப்பார். ஒரு விநாடி இருந்தால் அதிகம். அன்றைக்கு முதுகு வலி அதிகமா, அட்டை கடித்திருக்கிறதா, மேஸ்திரி ஏதாவது சொல்லிவிட்டாரா, எல்லாம் அதில் அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் கேட்காமல் வெந்நீர் போடுவார். அம்மா அந்தப் பார்வையை எதிர்பார்த்துத்தான் நிமிர்வார் என்பதும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இதைச் சொல்வது, பழைய காலம் ரொம்ப உசத்தி என்று காட்ட இல்லை. அதே லைனில் பொண்டாட்டியை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காதவர்களும் இருந்தார்கள், அவர்கள் வீட்டில் வெந்நீரும் கிடையாது. ஊரில் பெரியவர்கள் முன்னால் தலை தாழ்த்துவதை மரியாதையாகப் பழக்கி வளர்த்த பிள்ளை நீங்கள். திடீரென்று ஒரு பெண்ணின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கச் சொன்னால் கூச்சம் வரத்தான் செய்யும். அந்தப் பெண்ணும் அநேகமாக அப்படித்தான் வளர்ந்திருப்பார். கூச்சத்தோடு பார்த்து விலகி மறுபடி பார்ப்பதும் பார்வைதான். சொல்லப்போனால் பார்த்துவிட்டு விலகுகிற பார்வைக்குத்தான் 'திரும்ப வருவேன்' என்ற பொருள் இருக்கிறது. விலகாத பார்வையை நம் மொழி முறைப்பு என்கிறது, அவர் சரியான சொல்லைத்தான் போட்டிருக்கிறார்.

மனிதக் கண்ணின் அமைப்பே இதற்காகத்தானோ என்று தோன்றும். கருவிழியைச் சுற்றி நமக்கு இருக்கிற அளவு பளிச்சென்ற வெள்ளை மற்ற குரங்கினங்களில் இவ்வளவு வெளியே தெரிவதில்லை என்று கோபயாஷி, கோஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் ஒப்பிட்டுக் காட்டினார்கள். அந்த வெள்ளையால்தான் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று எட்டி நின்றே கண்டுபிடித்துவிடுகிறோம். பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தை, பக்கவாட்டில் பார்க்கிற முகத்தைவிடத் தன்னை நேராகப் பார்க்கிற முகத்தை அதிக நேரம் பார்க்கும் என்று 2002இல் சோதித்துச் சொன்னார்கள். அவ்வளவு பழைய பழக்கம். அதனால் உங்கள் முக்கோணம் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் உதட்டைப் பார்த்தது அவருக்குத் தெரியாமல் போயிருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்தது, எங்கே உட்கார்கிறீர்கள் என்பது. மைக்கேல் ஆர்கைல், ஜேனட் டீன் என்ற இருவர் 1965இல் எழுதியது இன்றும் என் அறையில் தினமும் பலிக்கிறது. இருவர் நெருங்கி உட்கார உட்காரக் கண்ணைப் பார்ப்பது குறையும், தள்ளி உட்கார்ந்தால் கூடும். நெருக்கத்துக்கு ஓர் அளவு இருக்கிறது, ஒரு பக்கம் ஏறினால் இன்னொரு பக்கம் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்கிறோம் என்பது அவர்கள் சொன்னது. நம் மலை ரயிலில் போயிருப்பீர்கள். எதிரெதிர் இருக்கை, முழங்காலோடு முழங்கால் இடிக்கும். அந்தப் பெட்டியில் யாராவது எதிராளி கண்ணைப் பார்க்கிறார்களா? எல்லாரும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். காட்சி அழகு என்பது பாதிக் காரணம்.

நீங்கள் நான்காவது முறை சந்தித்தது ஒரு சின்னக் கடையில், இரண்டு பேர் மட்டும் உட்காரும் மேசையில். குளிருக்கு நாற்காலியை வேறு இழுத்துப் போட்டிருப்பீர்கள். ஓரடி தூரத்தில் ஏழு விநாடி! என் அறையில் இரண்டு நாற்காலியையும் நேரெதிராகப் போடுவதில்லை. சாய்வாக, இருவருக்கும் ஜன்னல் தெரிகிற மாதிரிப் போட்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு. பேச்சு கனக்கும்போது கண்ணுக்குப் போக்கிடம் வேண்டும். போக்கிடம் இருந்தால் தானாகத் திரும்பி வரும், இல்லாவிட்டால் தரையிலேயே கிடக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேசுவதன் சுகம் மலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பர்லியாறு தாண்டி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவர் பக்கத்து இருக்கையைப் பார்க்க முடியாது. வாய் மட்டும் பேசும். சொல்லத் தயங்கிய பல விஷயங்கள் அந்தக் கொண்டை ஊசிகளில் வெளியே வந்ததாக என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். வெட்கமான விஷயத்தைப் பேச வேண்டுமென்றால் முகம் பார்த்து ஆரம்பிக்க வேண்டாம், நடந்துகொண்டே ஆரம்பியுங்கள்.

வீடியோ கால் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் விஷயத்தில் பாதிச் சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். மாதத்தில் 29 நாள் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பது அதில்தானே? போனில் கேமரா மேலே இருக்கிறது, அவர் முகம் அதற்குக் கீழே திரையில் தெரிகிறது. நீங்கள் அவர் கண்ணை நேர்மையாகப் பார்த்தால், அவருக்கு நீங்கள் அவர் கழுத்துக்குக் கீழே எங்கேயோ பார்ப்பது போலத் தெரியும். அவர் மனம் நிறையும்படி கேமராவைப் பார்த்தால் உங்களுக்கு அவர் முகம் தெரியாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உண்மையாகக் கண்ணோடு கண் பார்ப்பது அந்தக் கருவியில் முடியாத காரியம். ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் கண்ணை நிமிர்த்திக் காட்டுகிற ஒரு வசதியைப் போட்டிருக்கிறது, அது கணக்குப் போட்டு வரைகிற கண்.

செய்யக்கூடியது சிறிது உண்டு. போனைக் கையில் பிடிக்காமல் கண் உயரத்தில் எதன் மேலாவது சாய்த்து வையுங்கள். ஒன்றரை, இரண்டு அடி தள்ளி உட்காருங்கள். தூரம் கூடினால் கோண வித்தியாசம் குறையும். லேப்டாப்பாக இருந்தால் அவர் படம் தெரிகிற சின்னச் சட்டத்தைக் கேமராவுக்குக் கீழேயே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகம் உங்களுக்கே தெரிகிற சட்டத்தை மறைத்துவிடுங்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோத்தகிரியில் மழை பிடித்துச் சிக்னல் தடுமாறுகிற நாளில் படத்தை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசுங்கள். உறைந்துபோன முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கண்ணாடி போடுகிறீர்களா? பார்வைக் குறை இருந்தும் சந்திப்புக்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எதிரே இருக்கிற முகம் மங்கலாகத் தெரிந்தால் பார்வை நிற்காது, பார்ப்பவருக்கு அது திமிராகவோ அலட்சியமாகவோ படும். பனியில் நடந்துவிட்டு டீக்கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடி மொத்தமும் வெள்ளையாகிவிடும்தான். துடைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து அவர் சிரித்தால் லாபம்.

திருமணத்துக்குப் பிறகு இது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு ஜோடியைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கணவர் கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஓட்டுகிறவர். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் மதியம் வீடு. வந்ததும் செருப்பைக் கழற்றுவார், போனை எடுப்பார், சாப்பிடுவார், தூங்குவார். பதினொரு வருடம். "அவர் என் மூஞ்சியைப் பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு அவருக்கே தெரியாது" என்று மனைவி சொன்னபோது அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "வீட்லதானே இருக்கா, பாக்காம எங்க போறேன்?" என்றார்.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் புதுமணத் தம்பதிகளைக் கவனித்துச் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒருவர், 'அங்க பாரேன்' என்பது போல ஒரு சின்ன அழைப்பு விடுக்கிறார். மற்றவர் அந்தப் பக்கம் திரும்புகிறாரா, இல்லையா? ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது சேர்ந்திருந்த ஜோடிகள் அப்படிப்பட்ட அழைப்புகளில் நூற்றுக்கு 86 முறை திரும்பியிருந்தார்கள், பிரிந்துபோனவர்கள் 33 முறை. கண்ணை உருட்டி ஏளனம் காட்டுவதை அவர் திருமணத்துக்கு மிக மோசமான அறிகுறிகளில் ஒன்றாகவே வைக்கிறார். நான் பார்த்த வரையில் சண்டை போடும்போது முகத்தைப் பார்த்துச் சத்தம் போடுகிற தம்பதி திரும்பி வந்துவிடுகிறார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அந்த லாரிக்காரருக்கு நான் நான்கு நிமிடப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் போனை எடுப்பதற்கு முன் ஒருமுறை மனைவி முகத்தைப் பாருங்கள், என்ன தெரிகிறது என்று மட்டும் கவனியுங்கள் என்றேன். மூன்று வாரம் கழித்து மனைவி வந்து, "மூக்குத்தி மாத்தியிருக்கியான்னு கேட்டார்" என்றார். மாற்றி நாலு மாதம் ஆகியிருந்ததாம்.

தாம்பத்தியம் என்று நீங்கள் கேட்டதில் படுக்கையறையும் சேர்த்தி என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வது மிகவும் இயல்பு. தொடுதலில் மனம் முழுக்க இறங்கும்போது பார்வையை அடைத்துக்கொள்கிறோம். கண்ணை மூடினால் மனசில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு, வீண் சந்தேகம். விளக்கை அணைக்கச் சொல்வதற்குத் தன் உடம்பைப் பற்றிய கூச்சம் காரணமாக இருக்கலாம். சின்ன வயதில் யாராலோ காயப்பட்டவர்களுக்கு அப்படிப் பார்க்கப்படுவதே பயத்தைக் கிளப்பலாம். அதனால் 'என்னைப் பார்' என்று கட்டளை போடக்கூடாது. பார்க்கட்டுமா என்று கேட்கலாம். இன்னொன்று, அந்த நேரத்தில் துணையின் முகத்தைப் பார்ப்பதற்கு அன்பைத் தவிர வேறு ஒரு காரணமும் இருக்கிறது. வலிக்கிறதா, பிடிக்கவில்லையா, நிறுத்த வேண்டுமா என்பதை வாய் சொல்லத் தயங்கும், முகம் காட்டிக்கொடுக்கும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு நான் இதை அழுத்திச் சொல்வேன். முகம் சுருங்கினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். முகத்தைப் பார்த்து 'சம்மதம்தான்' என்று நீங்களாக முடிவு கட்டவும் கூடாது, அதற்கு வாய்ச்சொல் வேண்டும்.

இதை வெளியிலும் நீட்டிப் படியுங்கள், உங்களுக்காக இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற மற்ற தம்பிகளுக்காக. பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தால் அது அழைப்பு என்று எடுத்துக்கொண்டு பின்னால் போகிற பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. திரும்பிப் பார்ப்பது பல நேரம் பயத்தில். தமிழ்நாட்டில் 1998இலிருந்தே பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டம் உண்டு. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் குற்றம்.

சிலருக்குக் கண்ணைப் பார்ப்பது கூச்சத்தையும் தாண்டிக் கஷ்டமாக இருக்கும். ஆட்டிசம் உள்ள பலர், நேராகப் பார்ப்பது உடம்பு முழுக்கப் பதற்றம் தருகிறது என்று சொல்கிறார்கள். பார்வையைத் திருப்பிக்கொண்டால்தான் அவர்களால் நன்றாகக் கேட்க முடிகிறது. மாறுகண் உள்ளவர்கள், எதிராளி எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று திணறுவதைப் பார்த்துப் பார்த்தே முகத்தைத் திருப்பப் பழகியிருப்பார்கள். அவர்களோடு பேசும்போது நேராக நிற்கிற கண்ணைப் பார்த்தால் போதும். பார்வையே இல்லாத தம்பதிகள் நல்ல நெருக்கத்தோடு வாழ்கிறார்கள், குரல் எந்தப் பக்கம் திரும்புகிறது, கை எப்போது வருகிறது என்பதில் அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது சாதாரணக் கூச்சம்தான். ஆனால் யாரைப் பார்த்தாலும், கடைக்காரரைப் பார்த்தாலும்கூட நெஞ்சு படபடத்துக் கை வேர்க்கிறது என்றால் சொல்லுங்கள், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

மாதக் கடைசியில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை, பழனி வழியாகக் கொடைக்கானல் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறை அந்தச் சின்ன மேசை வேண்டாம். கோக்கர்ஸ் வாக்கில் பக்கத்தில் பக்கத்தில் நடங்கள். ஏரிக்குப் போனால் மிதி படகு எடுங்கள், இருவரும் ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும், காலுக்கும் வேலை இருக்கும். உங்களுக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டிய ஒரு கேள்வியை யோசித்து வைத்துக்கொண்டு போங்கள். எந்தப் பிள்ளை அவரை அதிகம் சிரிக்க வைக்கிறது என்பதாக இருக்கலாம், கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட மனசு வருமா என்பதாகவும் இருக்கலாம். பதில் தெரிய வேண்டும் என்றிருந்தால் கண் தானாக அவர் முகத்துக்குப் போகும், அதற்கு யாரும் பயிற்சி தர வேண்டியதில்லை.

யூடியூப், ஏழு விநாடி, முக்கோணம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிடிக்காமல் இல்லை, பிடித்ததால்தான் அப்படி எண்ணிக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லுங்கள். தரையைப் பார்த்துச் சொன்னாலும் பரவாயில்லை. சொல்லி முடித்ததும் மட்டும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.